முன்னோர் நிலம், ஊரார் சம்மதம்

கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில், கிரேட் ஸ்லேவ் ஏரியின் கிழக்குக் கையோரம் லூட்செல்கே என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கு போகச் சாலை கிடையாது. பிரதேசத் தலைநகரான யெல்லோநைஃபிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் விமானத்தில் பறக்க வேண்டும். கோடையில் படகிலும், ஏரி உறைந்த பிறகு பனிவண்டியிலும் போய்ச் சேரலாம். ஊரில் இருப்பவர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர். பெரும்பாலோர் டெனே பூர்வகுடிகள். 2019 ஆகஸ்ட் 21 அன்று இந்தச் சிறிய ஊரின் டெனே சமூகம் ஒரு பக்கமும், கனடா அரசும் வடமேற்குப் பிரதேச அரசும் மறுபக்கமுமாக ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. அதன்படி 26,376 சதுர கிலோமீட்டர் நிலமும் நீரும் காப்பகமாயின. கேரள மாநிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரக்கூடிய பரப்பு அது. பெயர் தைடெனே நெனே. டெனே மொழியில் முன்னோர்களின் நிலம் என்று பொருள்.

இயற்கையின் அளவில் பார்த்தால் இந்தப் பகுதி காக்கப்பட வேண்டியது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கிரேட் ஸ்லேவ் ஏரியின் ஆழம் 614 மீட்டர். வட அமெரிக்காவில் இதைவிட ஆழமான ஏரி இல்லை. ஏரிக்கரையில் ஊசியிலைக் காடாகத் தொடங்கும் நிலம், வடகிழக்கே போகப் போக மரங்கள் குட்டையாகி, அருகி, கடைசியில் மரமே இல்லாத துந்திரா வெளியாகிறது. கரிபு மான்களும் கஸ்தூரி எருதுகளும் கரடிகளும் ஓநாய்களும் அங்கே உண்டு. டெனே மக்களுக்கு இது வேட்டைக் காடு மட்டுமல்ல. லாக்ஹார்ட் ஆற்றின் அருவி ஒன்றில் மூதாட்டியின் ஆவி உறைகிறது என்று நம்பி, நோய் தீரவும் வழி கேட்கவும் இன்றும் அங்கே போய் வருகிறார்கள்.

இதே இடத்தைத் தேசியப் பூங்காவாக்க அரசு முதலில் முயன்றது 2019-க்கு அரை நூற்றாண்டு முன்பு. 1970 வாக்கில் ஏரியின் கிழக்குக் கையில் சுமார் 7,000 சதுர கிலோமீட்டர் நிலம் பூங்காவுக்கென ஒதுக்கிவைக்கப்பட்டது. அப்போது ஊர்த்தலைவராக இருந்தவர் பியர் கத்தோலிக். பூங்காவுக்கு அவர் இசையவில்லை. நிலத்தைக் காப்பதில் அவருடைய மக்களுக்கு வேறு கருத்து இருந்ததால் அல்ல. தேசியப் பூங்கா என்ற சொல்லுக்கு அன்றைய வட கனடாவில் என்ன பொருள் இருந்தது என்பதை அவர்கள் அக்கம்பக்கத்தில் பார்த்திருந்தார்கள்.

அந்தப் பொருளைக் கற்றுக்கொடுத்தது வுட் பஃபலோ தேசியப் பூங்கா. அல்பெர்ட்டா மாகாணத்திலும் வடமேற்குப் பிரதேசங்களிலுமாகப் பரந்து கிடக்கும் அந்தப் பூங்கா, எஞ்சியிருந்த காட்டு பைசன் எருதுகளைக் காப்பதற்காக 1922-இல் உருவாக்கப்பட்டது. 1926-இல் இன்னும் விரிவாக்கப்பட்டது. இன்று அதன் பரப்பு 44,741 சதுர கிலோமீட்டர், ஸ்விட்சர்லாந்து நாட்டைவிடப் பெரியது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த டெனே, க்ரீ மக்களுடன் 1899-இல் அரசு செய்துகொண்ட எட்டாம் உடன்படிக்கை, வேட்டையும் மீன்பிடிப்பும் முன்போலவே தொடரும் என்று வாக்களித்திருந்தது. பூங்கா வந்ததும் அனுமதிச் சீட்டு வந்தது. சீட்டு உள்ளவர்கள் உள்ளே இருக்கலாம், இல்லாதவர்கள் வெளியேற வேண்டும். ஒரே குடும்பத்தில் சிலர் உள்ளேயும் சிலர் வெளியேயுமாகப் பிரிந்தார்கள். பைசனை வேட்டையாடினால் சிறை. அதே காலத்தில், 1925-க்கும் 1928-க்கும் இடையே, தெற்கிலிருந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சமவெளிப் பைசன்களை அரசே கொண்டுவந்து இந்தப் பூங்காவில் விட்டது. அவற்றோடு காசநோயும் புருசெல்லா நோயும் வந்து சேர்ந்தன. அந்த மந்தைகளில் அவை இன்னும் நீங்கவில்லை. நிலத்தை அறிந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு, அறியாதவர்கள் முடிவெடுத்தால் காக்க நினைத்த உயிருக்கே கேடு வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

யூகான் பிரதேசத்தின் க்ளுவேன் வட்டாரத்திலும் இதே கதைதான். 1942-இல் அலாஸ்கா நெடுஞ்சாலை போடப்பட்டதும் வெளியாட்கள் வந்து குவிந்தார்கள். 1943-இல் அந்த வட்டாரம் வேட்டை தடைசெய்யப்பட்ட சரணாலயமானது. அந்த மலைகளில் காலங்காலமாக வாழ்ந்துவந்த தெற்கு டட்சோனி மக்களையும் தடை கட்டிப்போட்டது. யாரும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்க வேண்டும் என்ற எண்ணம் அரசுக்குத் தானாக வந்துவிடவில்லை. மக்கள் போராடியும் நீதிமன்றங்கள் சொல்லியும்தான் வந்தது. 1973-இல் கால்டர் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம், ஐரோப்பியர் வருவதற்கு முன்பே பூர்வகுடிகளுக்கு நிலத்தின்மேல் உரிமை இருந்தது என்பதைச் சட்டத்தின் கண்ணுக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே தேசியப் பூங்காச் சட்டம் திருத்தப்பட்டு, ‘தேசியப் பூங்கா ரிசர்வ்’ என்ற புது வகை உருவானது. நிலவுரிமைக் கோரிக்கை தீராத இடங்களில் பூங்கா அமைத்தாலும், அந்த உரிமை அழிந்துபோகாது. மக்கள் வழக்கமான வேட்டையைத் தொடரலாம். 1982-இல் அரசமைப்புச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு பூர்வகுடி உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் உறுதிசெய்தது. 2004-இல் ஹைடா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒருபடி போயிற்று: உரிமை இன்னும் நிரூபிக்கப்படாவிட்டாலும், அது இருக்கக்கூடும் என்று அரசுக்குத் தெரிந்தாலே, அதைப் பாதிக்கும் முடிவுக்கு முன் அந்த மக்களைக் கலந்தாலோசிப்பது அரசின் கடமை. உரிமை எவ்வளவு வலுவானதோ, பாதிப்பு எவ்வளவு பெரியதோ, ஆலோசனையும் அந்த அளவுக்கு ஆழமாக இருக்க வேண்டும். ஆனால் இந்தக் கடமை மக்களுக்கு மறுப்பதிகாரம் தருவதில்லை என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. 2007-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற பூர்வகுடி உரிமைப் பிரகடனமோ, வற்புறுத்தலின்றி, முன்கூட்டியே, விவரம் அறிந்து தரும் ஒப்புதலைப் பற்றிப் பேசுகிறது. அந்தப் பிரகடனத்தை நடைமுறைப்படுத்த 2021-இல் கனடா ஒரு சட்டம் இயற்றியது. ஆலோசனை கேட்பதற்கும் ஒப்புதல் பெறுவதற்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தில்தான் இன்றைய சிக்கல்கள் பெரும்பாலானவை கிடக்கின்றன.

எப்படிக் கேட்பது என்பதை வடக்குக்குக் காட்டிக்கொடுத்தவர் தாமஸ் பெர்ஜர் என்ற நீதிபதி. கால்டர் வழக்கில் நிஸ்கா மக்களுக்காக வாதாடிய வழக்கறிஞரும் அவரே. மெக்கன்சி ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே எரிவாயுக் குழாய் பதிக்கும் திட்டம் பற்றி விசாரிக்க 1974-இல் அரசு அவரை நியமித்தது. தலைநகரில் ஓர் அறையில் உட்கார்ந்து நிபுணர்களை மட்டும் கேட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. 35 ஊர்களுக்கு நேரில் போனார். ஊர்க்கூடங்களில், மக்கள் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்தார். டெனே மொழிகளிலும் இனுயிட் மொழியிலும் பேசியவற்றுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள். அன்றாடம் நடந்ததை வானொலி அந்தந்த மொழியில் சொன்னது. பூர்வகுடி அமைப்புகள் தங்கள் தரப்பைத் தயாரித்து முன்வைக்கப் பணமும் ஒதுக்கப்பட்டது. இந்தக் கடைசி அம்சம் சிறிதாகத் தோன்றும், உண்மையில் பெரியது. ஒரு பக்கம் சம்பளத்துக்கு வழக்கறிஞரும் பொறியாளரும் வைத்துக்கொண்டு பேச, மறுபக்கம் வேட்டையை விட்டுவிட்டு வந்த முதியவர் கைச்செலவில் பேச வேண்டியிருந்தால் அது ஆலோசனை ஆகாது. 1977-இல் வெளியான பெர்ஜர் அறிக்கை, மெக்கன்சி பள்ளத்தாக்குக் குழாய்த் திட்டத்தைப் பத்தாண்டு தள்ளிவைக்கச் சொன்னது. வடக்கு யூகானில் குழாயே வேண்டாம், அங்கே கரிபு மான்களின் கன்று ஈனும் நிலத்தைக் காக்கப் பூங்கா அமைக்கலாம், பூர்வகுடிகளின் வேட்டையுரிமை அதில் இருக்கட்டும் என்றது. 1984-இல் இனுவியாலுயிட் மக்களுடன் நிலவுரிமை ஒப்பந்தம் முடிந்தபோது அந்தப் பூங்கா அதன் பகுதியாகவே பிறந்தது. இன்று அதன் பெயர் இவாவிக். நிலவுரிமை ஒப்பந்தத்தின் வழியே உருவான முதல் கனடியத் தேசியப் பூங்கா அது.

அதன் பிறகு வந்த ஒப்பந்தங்கள் இந்த வழியை அகலப்படுத்தின. வட கனடாவின் இனுயிட் நிலப்பகுதியான நூனவுட்டுக்கென 1993-இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி, இனுயிட் மக்களுடன் பாதிப்பு-பலன் உடன்பாடு செய்துகொள்ளாமல் அங்கே தேசியப் பூங்கா அமைக்க முடியாது: எத்தனை வேலை, யாருக்குப் பயிற்சி, எந்த இடத்தில் யார் போகலாம் என்பதெல்லாம் முதலிலேயே எழுத்தில் வர வேண்டும். லாப்ரடாரின் வடமுனையில் உள்ள டார்ன்காட் மலைப் பூங்காவின் கூட்டு மேலாண்மைக் குழுவில் அரசு நியமித்தவர்கள் உட்பட எல்லோரும் இனுயிட் மக்களே. பசிபிக் கரையில் உள்ள குவாய் ஹானாஸ் தீவுகளுக்கான 1993 உடன்பாடு இன்னும் வியப்பானது. 1985-இல் அங்கே மரம் வெட்டுவதைத் தடுத்து வழிமறித்த ஹைடா மக்கள் 72 பேர் கைதானார்கள். எட்டாண்டு கழித்து உடன்பாடு எழுதியபோது, நிலம் எங்களுடையது என்று ஹைடா தேசமும், எங்களுடையது என்று கனடாவும் சொல்வதை ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதிவைத்தார்கள். யார் சொந்தக்காரர் என்ற வழக்கு அப்படியே இருக்கட்டும், நிலத்தைக் காப்பதில் இருவரும் சமமாக உட்காருவோம் என்பது ஏற்பாடு. தீராத சண்டையை ஒளிக்காமல் எழுதிவைத்த அந்த நேர்மையே, உடன்பாடு நிலைத்ததற்குக் காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது.

கேட்பதுபோல் கேட்டுவிட்டு நகர்ந்த சம்பவங்களும் உண்டு. நாட்ஸிச்சோ தேசியப் பூங்கா ரிசர்வ், மெக்கன்சி மலைகளில் சாஹ்டு டெனே மக்களின் நிலத்தில் 2014-இல் உருவானது. எல்லை எதுவரை என்று மூன்று வரைபடங்களைக் காட்டி மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். கருத்துச் சொன்னவர்களில் மிகப் பெரும்பாலோர் மூன்றில் பெரியதையே கேட்டார்கள். அரசு தேர்ந்தது மிகச் சிறியதை. சுமார் 4,850 சதுர கிலோமீட்டர். கனிமம் கிடைக்கக்கூடிய நிலம் வெளியே விடப்பட்டது. முடிவு ஏற்கெனவே இருக்க, கேள்வி மட்டும் ஊருக்கு வந்தால் அடுத்த முறை ஊர்க்கூடத்துக்கு யார் வருவார்கள்?

நூனவுட்டின் க்ளைட் ரிவர் ஊரில் நடந்தது பூங்காவைப் பற்றியதல்ல. கடலடியில் எண்ணெய் தேடும் ஒலி ஆய்வைப் பற்றியது. ஆனாலும் ஆலோசனை என்றால் என்ன என்பதற்கு அது பாடமாக நிற்கிறது. கடல் பாலூட்டிகளுக்கு என்ன ஆகும் என்று அந்த மக்கள் கேட்ட கேள்விக்கு, நிறுவனங்கள் ஏறத்தாழ 4,000 பக்க ஆவணத்தைப் பதிலாகத் தந்தன. இணைய வேகம் குறைந்த அந்த ஊரில் அதைத் திறந்து பார்ப்பதே பாடு. இனுயிட் மொழியில் அதிலிருந்து மிகச் சிறு பகுதியே பெயர்க்கப்பட்டிருந்தது. 2017-இல் உச்ச நீதிமன்றம், இது ஆலோசனை ஆகாது என்று அனுமதியையே ரத்து செய்தது.

அதே நூனவுட்டில், ஆர்க்டிக் கடலின் லங்காஸ்டர் நீரிணையில், கேட்டதால் காப்பகம் பெரிதான கதையும் இருக்கிறது. நார்வால் திமிங்கிலங்களும் வால்ரஸ்களும் பனிக்கரடிகளும் வாழும் அந்தக் கடலுக்கு இனுயிட் பெயர் தல்லுருதியுப் இமங்கா. 2010-இல் அங்கே ஒலி ஆய்வு நடக்கவிருந்தபோது கிக்கிக்தானி இனுயிட் சங்கம் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. அரசு அப்போது முன்வைத்த காப்பக எல்லை சுமார் 44,500 சதுர கிலோமீட்டர். பனியின் விளிம்பு எந்த மாதம் எங்கே நிற்கும், திமிங்கிலங்கள் எந்த வழியில் வரும் என்று வேட்டைக்காரர்கள் தங்கள் அறிவை வரைபடமாக்கித் தந்த பிறகு எல்லை விரிந்தது. 2016-இல் அந்தக் கடலில் ஷெல் நிறுவனம் வைத்திருந்த எண்ணெய்த் தேடல் உரிமங்களும் கைவிடப்பட்டன. 2019-இல் பாதிப்பு-பலன் உடன்பாடு கையெழுத்தானபோது காப்பகத்தின் பரப்பு சுமார் 1,08,000 சதுர கிலோமீட்டர்.

லூட்செல்கே மக்கள் தாங்களே பூங்காத் துறையின் கதவைத் தட்டியது 2000-க்குப் பிறகு. இடையில் முப்பது ஆண்டுகள் போயிருந்தன. சட்டம் மாறியிருந்தது, அதைவிட முக்கியமாக, நிலத்தின் மேல் வேறு கண்கள் விழுந்திருந்தன. 1991-இல் யெல்லோநைஃபுக்கு வடக்கே வைரம் கண்டுபிடிக்கப்பட்டதும் சுரங்க நிறுவனங்கள் நிலத்துக்கு நிலம் எல்லைக் கம்பு நட்டன. 1998-இல் எகாட்டி, 2003-இல் டயாவிக் என்று சுரங்கங்கள் திறந்தன. பிறகு யுரேனியம் தேடுவோர் தெலான் ஆற்று மேல்படுகைக்கு வந்தார்கள். அங்கே துளையிட்டுப் பார்க்க ஒரு நிறுவனம் தந்த விண்ணப்பம் 2007-இல் விசாரணைக்கு வந்தபோது, அந்த இடம் டெனே மக்களின் பண்பாட்டுக்கும் ஆன்மிகத்துக்கும் எத்தகையது என்று முதியவர்கள் சாட்சி சொன்னார்கள். சுற்றுச்சூழல் மறுஆய்வு வாரியம் அந்தப் பண்பாட்டுக் காரணத்தையே முதன்மையாக எடுத்துக்கொண்டு விண்ணப்பத்தை நிராகரிக்கப் பரிந்துரைத்தது. மத்திய அமைச்சரும் ஏற்றார்.

கரிபு மான்களும் குறைந்துகொண்டே வந்தன. பாதர்ஸ்ட் மந்தை என்று அழைக்கப்படும் பெருங்கூட்டத்தில் 1980-களின் நடுவில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மான்கள் இருந்தன. 2018-இல் எண்ணியபோது சுமார் 8,200. அந்த மானை உண்டும் உடுத்தும் வாழ்ந்த ஊரில் இது புள்ளிவிவரமாக வருவதில்லை, அடுப்படியில் தெரியும்.

பேச்சுவார்த்தை சுலபமாக நடந்துவிடவில்லை. 33,000 சதுர கிலோமீட்டருக்கும் மேலான நிலம் முதலில் சுரங்க உரிமம் தரப்படாமல் தற்காலிகமாக ஒதுக்கப்பட்டது. ஆலோசனை நடக்கும்போதே நிலம் கைமாறிப் போகாமல் இப்படி நிறுத்திவைப்பது வடக்கில் இன்றியமையாத ஏற்பாடு. இல்லாவிட்டால் மக்கள் யோசித்து முடிப்பதற்குள் கேள்வியே காலாவதியாகிவிடும். 2014-இல் நிலத்தின் அதிகாரம் கனடா அரசிடமிருந்து வடமேற்குப் பிரதேச அரசுக்கு மாறியது. அதுவரை இரண்டு தரப்பாக இருந்த பேச்சு மூன்று தரப்பானது. பிரதேச அரசு, முழுவதையும் தேசியப் பூங்காவாக்க இசையவில்லை. கனிம வாய்ப்புள்ள சில பகுதிகள் எல்லைக்கு வெளியே போயின. ஏரியில் மீன் பிடிக்கவும் காட்டில் வேட்டையாடவும் வரும் யெல்லோநைஃப்வாசிகளும் மேட்டீஸ் மக்களும் அண்டை டெனே சமூகங்களும் தங்கள் கவலைகளைச் சொன்னார்கள். அவர்களுடனும் பேச வேண்டியிருந்தது. முடிவில் சுமார் 14,000 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா ரிசர்வ் ஆகவும், மீதி பிரதேச அரசின் காப்பகமும் வனவிலங்குப் பகுதியுமாகவும் அமைந்தது. டெனே சட்டப்படி பார்த்தால் எல்லாம் ஒரே காப்பகம்.

இதில் இரண்டு விஷயங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று, வாக்கெடுப்பு. தலைவரும் சபையும் ஒப்புக்கொண்டதோடு நிற்காமல், 2019 பிப்ரவரியில் ஊர் உறுப்பினர்களிடம் ஒப்பந்தம் வைக்கப்பட்டது. வாக்களித்தவர்களில் 88 விழுக்காட்டினர் சம்மதம் தெரிவித்தார்கள். வேண்டாம் என்றிருந்தால் அதோடு நின்றிருக்கும். மற்றொன்று, பணம். கனடா அரசு 1.5 கோடி டாலர் தர, ஊரார் நன்கொடையாளர்களிடம் அதற்குச் சமமாக இன்னொரு 1.5 கோடி டாலர் திரட்டி, மூன்று கோடி டாலர் அறக்கட்டளை நிதியை அமைத்தார்கள். அரசு மாறினாலும் அடுத்த பட்ஜெட்டில் தொகை குறைந்தாலும், தங்கள் பங்கை நடத்த அவர்கள் கையேந்தி நிற்க வேண்டியதில்லை. கூட்டு மேலாண்மை என்று காகிதத்தில் எழுதிவிட்டு, ஒரு தரப்பின் கையில் மட்டும் பணப்பெட்டி இருந்தால் அந்தக் கூட்டு நெடுநாள் தாங்காது. இந்த ஊரார் அதை முன்கூட்டியே உணர்ந்திருந்தார்கள்.

காப்பகத்தை நடத்தும் குழுவுக்கு டெனே மொழியில் வைத்த பெயரின் பொருள், தைடெனே நெனேவுக்காகப் பேசுபவர்கள். ஒவ்வொரு தரப்பும் உறுப்பினர்களை நியமிக்கிறது. நியமனமான பிறகு அவர் தன்னை அனுப்பியவருக்காகப் பேசாமல் நிலத்துக்காகப் பேச வேண்டும். முடிவுகள் வாக்கு எண்ணிக்கையால் அல்ல, ஒருமித்த கருத்தால் எடுக்கப்படுகின்றன. களத்தில் இருப்பவர்கள் ‘நி ஹட்னி டெனே’ என்ற ஊர்க் காவலர்கள். 2008-இலிருந்தே, அதாவது காப்பகம் பிறப்பதற்குப் பதினோராண்டு முன்பிருந்தே, அவர்கள் ஏரியில் படகில் சுற்றி வருகிறார்கள்: நீரைச் சோதிக்கிறார்கள், மீனை அளக்கிறார்கள், வருகிற பயணிகளுக்கு எங்கே தங்கலாம், எந்த இடத்தை மதித்து விலகிப் போக வேண்டும் என்று சொல்கிறார்கள். முதியவர்களோடு ஊரின் இளைஞர்களும் போகிறார்கள். 2020-இல் லூட்செல்கே சமூகத்துக்கு ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் விருது கிடைத்தது.

2018-இல் பூர்வகுடி வல்லுநர் குழு ஒன்று கனடா அரசுக்குத் தந்த அறிக்கை, பூர்வகுடிகளே முன்னின்று, தங்கள் சட்டத்தாலும் அறிவாலும் நடத்தும் காப்பகங்களை ஒரு தனி வகையாகவே ஏற்கச் சொன்னது. அந்த ஆண்டே கிரேட் ஸ்லேவ் ஏரிக்கு மேற்கே டேச்சோ மக்களின் எடேஜியே, 14,218 சதுர கிலோமீட்டர் பரப்பில், அந்த வகையில் முதலாவதாக அறிவிக்கப்பட்டது. 2030-க்குள் நாட்டின் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைக் காப்பதாகக் கனடா உலகுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. இன்னும் பெரிய அளவில் கெடாமல் கிடக்கும் நிலம் வடக்கிலேதான் மிகுதி. அங்கே பூர்வகுடிகளின் உரிமையோ கோரிக்கையோ இல்லாத நிலம் அரிது. ஆண்டுக் கெடு நெருங்க நெருங்க அவசரம் வரும். அவசரத்தில் முதலில் சுருக்கப்படுவது ஊர்க்கூட்டமாகத்தான் இருக்கும் என்பதே கவலை.

தைடெனே நெனேவின் பூங்காப் பகுதி இன்றும் ‘ரிசர்வ்’ என்ற பெயரையே சுமக்கிறது. அந்த மண்ணின் சொந்தக்காரர் யார் என்பது பற்றி, லூட்செல்கே சமூகமும் உள்ளடங்கிய அகைச்சோ டெனே மக்கள் அரசுடன் நடத்தும் பேச்சுவார்த்தைக்கு 2000-இல் சட்டகம் வகுத்தார்கள். காப்பக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளிலும் அது முடிந்திருக்கவில்லை. 1970-இல் அரசு கேட்காமலே ஒதுக்கிய 7,000 சதுர கிலோமீட்டருக்கு ஊர் மறுத்தது. கேட்ட பிறகு, கிட்டத்தட்ட நான்கு மடங்கு நிலத்துக்குச் சம்மதித்தது.